நெகட்டிவ் ரெப்: எடையை இறக்குவதில் எழும் கேள்விகள்

பென்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து, எடை மாட்டிய பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) என் அதிகபட்சம் 80 கிலோ. நெகட்டிவ் செய்ய எவ்வளவு ஏற்றலாம்?

எடையைத் தூக்குவதை விட்டு, மெல்ல இறக்குவதை மட்டும் பயிற்சியாகச் செய்வதுதான் நெகட்டிவ். தூக்க முடிந்ததைவிட அதிக எடையைத் தசையால் தாங்கி இறக்க முடியும். அந்தத் தைரியத்தில் எடுத்த எடுப்பிலேயே 100 கிலோ ஏற்றிவிடாதீர்கள். முதல் மூன்று, நான்கு வாரம் 65 கிலோவே போதும். 4 விநாடியில் இறக்குங்கள். 2 செட் (சுற்று), செட்டுக்கு 3 ரெப் (முறை), நடுவே 3 நிமிட ஓய்வு. அது பழகியபின் 80, அப்புறம் 84. சீராக இறங்கிவந்த பார் திடீரென 2 விநாடியில் நெஞ்சுக்கு வந்துவிட்டால் செட் அதோடு முடிந்தது. எண்ணிக்கை பாக்கியிருக்கிறதே என்று இன்னொன்று செய்வதுதான் ஆபத்து.

துணைக்கு ஒரு நண்பர் இருந்தால் போதாதா?

65 கிலோவுக்குப் போதும். அதிகபட்சத்தைத் தாண்டிய எடையை நீங்கள் மேலே தள்ளப்போவதில்லை. ஒவ்வொரு முறையும் அதை ஏற்றுவது துணைக்கு நிற்பவர்கள் வேலை. எனவே பாரின் முனைக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எண்ண, இருவரும் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருவர் முந்தினால் பார் சாய்ந்து மொத்தப் பாரமும் ஒரே தோளில் விழும்.

ஆள் இருந்தாலும் ரேக்கின் (பாரைத் தாங்கும் சட்டம்) சேஃப்டி பின்னை, அதாவது பார் விழுந்தால் தாங்கும் குறுக்குக் கம்பியை, விட்டுவிடாதீர்கள். முதுகை வளைத்து நெஞ்சை நிமிர்த்திப் படுக்கும்போது அந்தக் கம்பி நெஞ்சுமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். முதுகைத் தட்டையாக்கியதும் பார் அந்தக் கம்பிமேல் உட்கார வேண்டும், கழுத்தில் படக் கூடாது. வெறும் பாரை வைத்து முதலில் சோதித்துவிடுங்கள்.

தனியாகத்தான் பயிற்சி செய்கிறேன். வழி உண்டா?

உண்டு. லெக் எக்ஸ்டென்ஷனில் (உட்கார்ந்து முழங்காலை நிமிர்த்தி எடை தூக்கும் கருவி) இரண்டு காலால் தூக்கி, ஒரு காலால் இறக்குங்கள். இரண்டு காலுக்கான அதிகபட்சத்தில் பாதியில் தொடங்கலாம். புல்-அப் (பாரில் தொங்கி உடலை மேலே இழுப்பது) வராதவர்களுக்கு நெகட்டிவ் அருமையான பயிற்சி. பெட்டிமேல் ஏறி, தாடை பாருக்கு மேலே இருக்கும் நிலையில் காலை எடுத்துவிட்டு 5 விநாடியில் இறங்குங்கள். முக்கால்வாசிப் பேர் பாதிவரை ஒழுங்காக வந்துவிட்டு, கடைசியில் முழங்கை நிமிரும் இடத்தில் தொப்பென்று விட்டுவிடுவார்கள். அந்த உதறல் நேரே தோள்மூட்டில் இறங்கும். கடைசிப் பகுதியைத் தாங்க முடியவில்லையென்றால், பெட்டியில் கால் ஊன்றி இறங்குங்கள்.

ஸ்குவாட், டெட்லிஃப்ட்?

டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) வேண்டவே வேண்டாம். பாரமான பாரை மெல்ல இறக்கும்போது அடிமுதுகு வளைந்துவிடும். ஸ்குவாட் (தோளில் பாரை வைத்து உட்கார்ந்து எழுவது) என்றால் சேஃப்டி பின் போட்ட ரேக்குக்குள், தூக்க முடிந்த எடையில் மட்டும்.

இரண்டு நாளாகப் படி இறங்க முடியவில்லை. மறுபடி எப்போது செய்யலாம்?

தசைவலி 24 முதல் 72 மணிநேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அது முழுதும் அடங்கட்டும். அதே தசைக்கு வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அடுத்தடுத்த முறை வலி வெகுவாகக் குறையும். ஆனால் தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது சாதாரண வலியல்ல: தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை. அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ரத்த அழுத்தம் இருக்கிறது. செய்யலாமா?

மருத்துவர் சம்மதித்தால் குறைந்த எடையில் செய்யலாம். இறக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும்.