90 லட்சமா, ஐம்பதாயிரமா?

கேள்வி: ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று 90 லட்சம் பெண்களை எரித்ததாக ஒரு புத்தகம் சொல்கிறது, இன்னொன்று ஐம்பதாயிரம் என்கிறது. பேகன் சமயங்கள் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியச் சமயங்கள்), சூனியம் ஆகியவற்றின் வரலாற்றுக்கு எந்தப் புத்தகத்தை நம்புவது? - வாசகர், திருச்சி

பதில்: ஐம்பதாயிரம் சொல்லும் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஆண்.

90 லட்சம் பிறந்த கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1784இல் வோய்க்ட் என்ற ஜெர்மானியர், குவெட்லின்பர்க் நகர ஆவணத்தில் கிடைத்த சில பத்து வழக்குகளை வைத்து, இந்த ஊருக்கு இவ்வளவு என்றால் ஐரோப்பா முழுவதற்கும் எவ்வளவு என்று பெருக்கினார். நூற்றாண்டுக்கு 8,58,454 வந்தது. அதைப் பதினொரு நூற்றாண்டுகளுக்குப் பெருக்கி 94,42,994 என்று எழுதினார். சூனியக்காரி வேட்டை மும்முரமாக நடந்த காலத்துக் கணக்கை, அப்படி வேட்டையே நடக்காத நூற்றாண்டுகளுக்கும் ஏற்றிவிட்டார். கடைசி இலக்கம் வரை துல்லியமாக இருந்ததால் எண் உண்மை போலத் தெரிந்தது.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பின்பக்கப் பெயரடைவில் 'மரே, மார்கரெட்' என்ற பெயரைத் தேடுங்கள். எகிப்தியல் அறிஞரான இவர், சூனியக்காரிகள் ஒரு பழைய சமயத்தை ரகசியமாகப் பின்பற்றியவர்கள் என்று 1921இல் எழுதினார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்திலும் இவருடைய கட்டுரைதான் பல பத்தாண்டுகள் இருந்தது. கருத்து ஊர் ஊராகப் பரவியது. 1975இல் வரலாற்றாசிரியர் நார்மன் கோன் மரேயின் மேற்கோள்களை மூல ஆவணங்களோடு ஒப்பிட்டார். வாக்குமூலங்களில் வானத்தில் பறந்தேன், விலங்காக மாறினேன் என்று வரும் வரிகளை மரே விட்டுவிட்டு, நம்பத்தக்க வரிகளை மட்டும் காட்டியிருந்தது தெரியவந்தது. ஆகவே மரேயை ஆதாரமாகக் காட்டும் புத்தகம் வேண்டாம், மறுத்துப் பேசும் புத்தகம் சரி. மேற்கோளின் நடுவே மூன்று புள்ளி வந்தால், அங்கே என்ன விடுபட்டது என்று கேட்டே தீர வேண்டும்.

அமெரிக்காவின் சேலம் நகரில் (நம் சேலம் அல்ல) எரித்தார்கள் என்று எழுதியிருந்தாலும் மூடிவிடுங்கள். 1692இல் அங்கே 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் மேல் கல்லை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். யாரும் எரிக்கப்படவில்லை. அடிக்குறிப்புகள் நீதிமன்ற ஆவணங்களைச் சுட்டுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

முதலில் பிரையன் லெவாக்கின் 'தி விட்ச் ஹன்ட் இன் எர்லி மாடர்ன் யூரோப்'; 2016இல் வந்த நான்காம் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு ரொனால்ட் ஹட்டனின் 'தி டிரையம்ஃப் ஆஃப் தி மூன்' (1999). சூனியத்தையே சமயமாகக் கொண்ட இன்றைய விக்கா எப்படி உருவானது என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இங்கிலாந்தின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. மூன்றே ஆண்டில், விக்காவைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர் அதைப் பற்றிய தம் புத்தகத்தை வெளியிட்டார், முன்னுரை எழுதியவர் அதே மரே. (கார்ட்னர் இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்.) கார்ட்னர், மரே இருவரையும் படிக்கலாம், ஆனால் 20ஆம் நூற்றாண்டு என்ன நம்பியது என்பதற்குச் சான்றாக மட்டும்.

கேள்வி: மூல ஆவணங்களை இலவசமாகப் படிக்க முடியுமா? - வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: முடியும், கொஞ்சம் கவனம் வேண்டும். சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துத் தண்டிக்க ஹைன்ரிக் கிராமர் 15ஆம் நூற்றாண்டில் எழுதிய கையேடான 'மாலியஸ் மாலிஃபிகாரம்' இணையத்தில் பெரும்பாலும் மான்டேகு சம்மர்ஸின் 1928 மொழிபெயர்ப்பாகவே கிடைக்கும். சம்மர்ஸ், சூனியக்காரிகள் உண்மையிலேயே இருந்ததாக நம்பியவர். குறிப்புகளும் அந்த நம்பிக்கையோடுதான் இருக்கும். நூலகத்தில் கிறிஸ்டஃபர் மக்கேயின் 2006 மொழிபெயர்ப்பைக் கேளுங்கள்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்லாந்துச் சூனிய வழக்குத் தரவுத்தளம் இலவசம். 1563 முதல் 1736 வரை குற்றம் சாட்டப்பட்ட 3,837 பேர் அதில் இருக்கிறார்கள். இது குற்றம் சாட்டப்பட்டோர் எண்ணிக்கை, கொல்லப்பட்டோர் எண்ணிக்கை அல்ல. பலருடைய வழக்கு எப்படி முடிந்தது என்பதே பதிவில் கிடையாது.