பலவகைப் புல் உள்ள நிலத்தில் தழைச்சத்தை எப்படி அளப்பது?

தேவிபட்டினம் பக்கம் அருகம்புல் மட்டும் உள்ள இடத்தையும், கொழுஞ்சி என்ற பயறுவகைச் செடியோடு பலவகைப் புல் கலந்த இடத்தையும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஒப்பிட வேண்டும், மண் பரிசோதனை அட்டை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்த அட்டைக்காக ஆய்வகத்தில் செய்யும் பெர்மாங்கனேட் முறை கரிமப் பொருளில் கட்டுண்ட தழைச்சத்தில் ஒரு பகுதியையும் சேர்த்தே காட்டும். செடி உடனே எடுப்பது நைட்ரேட், அம்மோனியம் என்ற தழைச்சத்து வடிவங்களைத்தான்.

மண்ணை எடுத்ததும் ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஏனென்றால் நம்ம ஊர் வெயிலில் பையில் கிடக்கும் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் அளவை மாற்றிவிடும். அப்புறம் 2 மி.மீ. சல்லடையில் சலித்து, 2 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஒரு மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, அந்த இரண்டையும் அளக்க வேண்டும். நைட்ரேட்டைப் பிடித்துவைக்கும் அயனிப் பிசின் பைகளை மண்ணில் புதைக்கும் முறையும் நல்லதுதான், ஆனால் கடலோர உப்பு மண்ணில் குளோரைடு பிசினில் நைட்ரேட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நைட்ரேட் குறைவாகத் தெரியும். நான் இங்கே அதை நம்ப மாட்டேன்.

இன்னொன்று, இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: ஜெர்மனியில் 2002-ல் தொடங்கிய ஜெனா புல்வெளி ஆய்வில் செடிவகை கூடக்கூட மண்ணில் நைட்ரேட் குறைந்தது, பயறுவகை இருந்த இடத்தில் கூடியது. குறைவு என்றால் மண் ஏழை என்று அர்த்தமில்லை, வேர்கள் உறிஞ்சிவிட்டன. அதனால் புல்லையும் அறுத்து, காயவைத்து, அதிலுள்ள தழைச்சத்தையும் கட்டாயம் அளந்துவிடுங்கள்.