ஏ320 படிப்பதா, 737 படிப்பதா?

தம்பி, கல்லடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: விமானி லைசன்ஸ் எடுத்தாயிற்று, டைப் ரேட்டிங்கை (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதி) ஏர்பஸ் ஏ320இல் எடுப்பதா, போயிங் 737இல் எடுப்பதா, இரண்டு கேப்டன்கள் எதிரெதிராகச் சொல்கிறார்களே என்று. அவர்கள் ஓய்வு பெற்றாலும் அந்தச் சண்டை ஓயாது!

போயிங்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. 737இல் இருவரின் கட்டுப்பாட்டுத் தண்டுகளும் சேர்ந்தே அசையும். என்ஜின் விசையைத் தானியங்கி முறை கூட்டிக் குறைக்கும்போது, அதற்கான த்ரஸ்ட் நெம்புகோல்களும் நகரும். பக்கத்தில் இருப்பவர் செய்வது கண்ணுக்குத் தெரியும். ஏ320இன் சைட்ஸ்டிக்குகள் (இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள சிறு கட்டுப்பாட்டுத் தண்டுகள்) ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை, தானியங்கி முறையில் நெம்புகோலும் அசையாது. ஆனால் வழமையான நிலையில் கணினி விமானத்தைப் பக்கவாட்டில் 67 பாகைக்கு மேல் சரியவிடாது.

சரி, வேலைக்கு வருவோம். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸிடம் இருப்பவை ஏர்பஸ்கள். உள்ளூரில் வேலை வேண்டுமென்றால் ஏ320. வளைகுடா என்றால் அங்கே கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். நம்ம மட்டக்களப்பு ஓடுபாதைக்கு வரும் சிறிய செஸ்னா விமானத்துக்கு இரண்டுமே உதவாது.