கோள் கடப்பா, கருவியின் குறும்பா?

கே: எச்டி 209458 விண்மீனைப் பதிந்தேன். அதன் கோள் முன்னால் கடக்கும் நேரத்தின் (கடப்பின்) நடுவே வெளிச்சம் சட்டென 0.5 சதவீதம் இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. (கோப்பாய்)

ப: அந்த நிமிடத்தில் மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பொறி) புரண்டதா? விண்மீன் உச்சிவட்டத்தை (தலைக்கு மேலாக வடக்குத் தெற்காகச் செல்லும் கோட்டை) தாண்டும்போது ஜெர்மன் வகை மவுண்ட் தொலைநோக்கியை மறுபக்கம் போடும். படம் 180 பாகை சுற்றும். விண்மீன்கள் வேறு பிக்சல்களில் விழ, பிளாட் (சீரான ஒளியில் எடுக்கும் படம்) திருத்தத்துக்குத் தப்பிய பிழையும் மாறிவிடும். இந்தக் கோள் மறைப்பதே 1.5 சதவீத அளவுதான், அதில் 0.5 பெரிய சேதம். கடப்புக்கு முன்பே புரட்டி முடியுங்கள். முடியாவிட்டால் இரு பாதிக்கும் தனித்தனி அடிமட்டம் (கடப்பில்லாதபோது உள்ள வெளிச்ச அளவு) வைத்து, கடப்பு மாதிரியோடு சேர்த்தே பொருத்துங்கள். ஒரு பாதியைக் கையால் தூக்கி ஒட்டினால் ஆழம் (வெளிச்சம் குறையும் அளவு) உங்கள் விருப்பப்படிதான் வரும்!

படியாக இல்லாமல் மெல்லச் சரிந்தால் துருவ ஒழுங்கில் (மவுண்டின் அச்சு வான்துருவத்தை நோக்குவதில்) சந்தேகப்படுங்கள். யாழ்ப்பாணத்தில் துருவ நட்சத்திரம் 10 பாகை உயரத்தில்தான். பனைகளும் புகார்மூட்டமும் மறைத்துவிடும். உச்சிவட்டத்தருகே ஒரு விண்மீன், கிழக்கே தாழ்வாக ஒன்று என இரண்டையும் பார்த்து, வடக்குத் தெற்காக நகராதவரை மவுண்டைத் திருத்துங்கள். பிறகு கைடிங்கோடு (ஒரு விண்மீனைப் பார்த்து மவுண்டைத் தொடர்ந்து திருத்துவது), இரவு முழுக்க இரண்டு மூன்று பிக்சலுக்குள் நிறுத்தப் பாருங்கள்.

கே: அந்தியில் பிளாட் எடுக்க நேரம் போதவில்லை. (பருத்தித்துறை)

ப: நம் அகலக்கோட்டில் சூரியன் செங்குத்தாக இறங்கும், அந்தி நிற்காது. ஒளிப்பலகைமேல் வெள்ளைத்தாள் போட்டு எடுங்கள். பிக்சலுக்கு 25,000 இலத்திரன் வீதம் 40 படம்: ஒற்றைப் படத்தில் 0.63 சதவீதமான இரைச்சல் 0.1க்கு வரும். குவியத்தையோ கமராவின் கோணத்தையோ தொட்டால் அந்த பிளாட் செல்லாது.

கே: குளிரூட்டும் கமராவை -20இல் வைக்கலாமா?

ப: வேண்டாம். இங்கே இரவிலும் 28 பாகை. குளிரூட்டி முழு வலுவில் திணறி வெப்பநிலை அலையும், டார்க் படம் (மூடியிட்டு எடுக்கும் இருட்டுப் படம்) பொருந்தாது. 0 போதும்.

கே: டெஸ் (நாசாவின் கோள்தேடும் விண்கலம்) தரவை லைட்கர்வ் மென்பொருளில் சமன்செய்தேன். ஆழம் குறைவாக வருகிறது. (மாணவி, திருநெல்வேலி)

ப: சமன்செய்யும் கட்டளை இயல்பாக 101 புள்ளி அகல சாளரத்தை எடுக்கும். 2 நிமிடத் தரவில் அது 202 நிமிடம். 3 மணிநேரக் கடப்பென்றால் அதையும் கருவியின் சரிவென்று நினைத்து நிரப்பிவிடும். சாளரத்தைக் கடப்பின் மூன்று மடங்காக்குங்கள்: 271 புள்ளி, ஒற்றை எண்ணாகத்தான் இருக்கவேண்டும். கோளின் சுற்றுக்காலம், கடப்பின் நடுநேரம், நீளம் கொடுத்துக் கடப்பை முகமூடியிட்டால் இன்னும் நல்லது. அப்போதும் குறைந்தால், எடுத்தது எஸ்ஏபி (பிக்சல்களின் ஒளியை வெறுமனே கூட்டிய) வரிசையா எனப் பாருங்கள். டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை), அயல் விண்மீன் ஒளியும் கலந்திருக்கும். திருத்திய பிடிசிஎஸ்ஏபி வரிசையில் அதைக் கழித்தே தருகிறார்கள்.