மிஸ்ட், ஃபாக், ஃப்ராஸ்ட்: ஆங்கிலத்தில் எந்தப் பனிக்கு எந்தச் சொல்?

நாம் எல்லாவற்றையும் ‘பனி’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் தடுமாற்றம் வருகிறது.

மிஸ்ட், ஃபாக் இரண்டும் ஒன்றேதான்: காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். வேறுபாடு அடர்த்தியில் இருக்கிறது. வானிலைத் துறையினர் பார்வை எட்டும் தொலைவை வைத்துப் பிரிக்கிறார்கள். 1 கிலோமீட்டருக்குள்ளேயே பார்வை மறைந்தால் ஃபாக். அதற்கு அப்பாலும் மங்கலாகத் தெரிந்தால் மிஸ்ட்.

குன்னூர் மலைப்பாதையில் பஸ்ஸில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ச்சரிவுத் தேயிலைத் தோட்டம் மல் துணிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிந்தால் மிஸ்ட். அதே துணியை எட்டாக மடித்துக் கண்முன் பிடித்ததுபோல் ஆகி, ஓட்டுநர் பகலிலேயே விளக்கைப் போட்டுக் கொண்டை ஊசி வளைவைத் தேடி ஊர்ந்தால் ஃபாக். எனக்கு இந்த ஓட்டுநர் அடையாளம்தான் மறப்பதே இல்லை.

ஃப்ராஸ்ட் தனி. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்து உறைநிலைக்குக் கீழே போகும்போது, காற்றிலுள்ள நீராவி புல் நுனியிலேயே பனிக்கட்டிப் படிகமாகிவிடுகிறது. விடியற்காலையில் ஊட்டிக்கு அருகிலுள்ள தலைக்குந்தா புல்வெளியைத் தொட்டால் உப்புத்தூள் போல விரலில் ஒட்டிக் கரையும்.

அந்த வெண்மையைப் பார்த்து ‘ஊட்டியில் ஸ்னோ விழுந்தது’ என்று பலர் எழுதுகிறார்கள். ஸ்னோ மேகத்திலிருந்து விழுவது, இதுவோ புல்லிலேயே விளைந்த ஃப்ராஸ்ட்.