பேஸ்பால் பேட்டிங்: கிரிக்கெட் கைக்கு என்னென்ன மாற வேண்டும்? (வாசகர் கேள்வி – பதில்)

கே: கிரிக்கெட்டில் நன்றாகவே அடிப்பேன். பேஸ்பாலில் பாதிப் பந்து பேட்டில் படுவதே இல்லை. பட்டாலும் தலைக்கு மேல் எழும்பி கேட்ச் ஆகிவிடுகிறது. – கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

ப: பேஸ்பால் பேட்டின் தடித்த பகுதியே அதிகபட்சம் 6.6 செ.மீ. விட்டம்தான். பந்து ஏறக்குறைய 7.3 செ.மீ. இரண்டும் உருண்டை என்பதால் பேட் சில மில்லிமீட்டர் கீழே பட்டாலே பந்து வானம் பார்க்கும்; மேலே பட்டால் தரையில் உருளும். கிரிக்கெட் பேட்டின் தட்டை முகம் மன்னித்துவிடும் தவற்றை இது மன்னிக்காது.

உங்களுக்கு மேலே எழும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் முன்கால்தான். டிரைவ் ஆடும் பழக்கத்தில் முன்காலை நீட்டிப் போட்டால் தலை முன்னாலும் கீழேயும் போய்விடும். கண்ணின் மட்டம் மாறுவதால் பேட் பந்துக்கு அடியில் நுழைகிறது. பேஸ்பாலில் முன்கால் எடுத்து வைப்பது 10 முதல் 15 செ.மீ. மட்டுமே, அதுவும் சத்தமில்லாமல், எடை பின்காலிலேயே இருக்க. கால் ஊன்றிய பிறகு இடுப்பு திரும்ப வேண்டும், பின்னாலேயே தோள், கடைசியில்தான் கை. வலக்கை ஆட்டக்காரரின் இடது தோள் இடுப்பை முந்தித் திறந்துகொண்டால், வெளிப்பக்கம் வரும் பந்துக்கு பேட் எட்டவே எட்டாது.

இன்னொன்று, இடது முழங்கையை உயர்த்தி பேட்டைக் கீழிருந்து நேராகக் கொண்டுவருவதை விட்டுவிடுங்கள். இங்கே பந்து தரையில் குத்தாமல், முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே, 6 முதல் 10 டிகிரி வரை சரிந்து வருகிறது. பேட்டும் அந்தச் சரிவின் வழியிலேயே எதிரே லேசாக ஏறிச் சென்றால் இரண்டும் ஒரே கோட்டில் அதிக நேரம் இருக்கும். மேலிருந்து வெட்டினாலும், அடியிலிருந்து தூக்கினாலும் அந்தக் கோட்டை ஒரு புள்ளியில்தான் தொட முடியும்.

கே: பள்ளியில் பந்து வீசும் மெஷின் கிடையாது. மாணவர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது? – உடற்கல்வி ஆசிரியர், ஓமலூர்

ப: மெஷின் இல்லாதது குறையே இல்லை. பெரிய லீக் ஆட்டக்காரர்களும் தினமும் தொடங்குவது ‘டீ’ (tee) என்னும் கம்பத்தில்தான். பந்தை நிறுத்தி வைக்கும் அந்தக் கம்பத்தை நீங்களே செய்துவிடலாம். 10 லிட்டர் பெயின்ட் வாளியில் சிமென்ட் கலவை ஊற்றி, நடுவில் இரண்டு இஞ்ச் பி.வி.சி. பைப்பை அரை மீட்டர் உயரத்துக்கு நிறுத்துங்கள். அதற்குள் ஒன்றரை இஞ்ச் பைப் ஏறி இறங்கட்டும். துளையிட்டு போல்ட் போட்டால் உயரம் மாற்றலாம். ஆடினால் உள்பைப்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். உச்சிக்கு லாரி உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் ஹோஸில் 15 செ.மீ. துண்டு போதும். பேட் தட்டினாலும் அது வளைந்து நிமிரும். வெறும் பைப்பில் பந்தை வைத்தால் ஒரே வாரத்தில் உடையும்.

டீயை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உடம்பை ஒட்டி வரும் பந்துக்கு டீ முன்காலுக்கும் முன்னே ஓரடி தள்ளி இருக்க வேண்டும். நடுப்பந்துக்கு முன்காலின் நேரே. வெளிப்பந்துக்கு இன்னும் பின்னால், வயிற்றுக்கு நேராக. மூன்றையும் ஒரே இடத்தில் அடிக்கப் பழகியவர் ஆட்டத்தில் வெளிப்பந்தை இழுத்து, மெதுவாகத் தரையில் உருட்டிவிடுவார். வலக்கை மாணவரின் உள்பந்து இடப்பக்கம், நடுப்பந்து பிட்சரை (பந்து வீசுபவரை) நோக்கி, வெளிப்பந்து வலப்பக்கம் போனால் சரியாக அடிக்கிறார்.

பத்துப் பத்தாக ஐந்து சுற்று போதும். ஒவ்வொரு பந்துக்கும் கால்களைப் புதிதாக நிறுத்தச் சொல்லுங்கள். பந்தைவிட ஹோஸில்தான் அதிகம் படுகிறது என்றால் பின்தோள் சரிகிறது. பந்து குத்திக் கீழே இறங்கினால் மணிக்கட்டு முன்கூட்டியே புரள்கிறது. பேட் பந்தில் படும் கணத்தில் மேல்கை உள்ளங்கை வானத்தையும் கீழ்கை உள்ளங்கை தரையையும் பார்க்க வேண்டும். பந்து போன பிறகும் கண் ஹோஸ் உச்சியிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இது ஒன்று வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, பக்கவாட்டில் முன்புறமாக 45 டிகிரியில், மூன்று மீட்டர் தள்ளி மண்டியிட்டு அண்டர்ஹேண்டில் போடும் பந்து. முன் இடுப்புக்கு நேராகப் போடுங்கள். எதிரே கிரிக்கெட் வலை கட்டியிருக்க வேண்டும். பேட் சுழலும் எல்லைக்குள் யாரும் நிற்கக் கூடாது. இதில் சலுகையே வேண்டாம். கிரிக்கெட் பந்தையும் பயன்படுத்தாதீர்கள். அது 156 முதல் 163 கிராம், பேஸ்பால் 142 முதல் 149 கிராம். கனமும் கடினமும் சேர்ந்து அலுமினிய பேட்டை நசுக்கிவிடும்.

கே: மலை மேல் பந்து தூரம் போகும் என்கிறார்களே, உண்மையா? – ஏற்காடு வாசகர்

ப: உண்மைதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் நகரத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. நன்றாக அடித்த பந்து சில மீட்டர் கூடுதலாகப் போகும். கர்வ் பந்தும் கொஞ்சம் குறைவாகவே வளையும். கிட்டத்தட்ட இதே உயரத்தில் இருக்கும் அமெரிக்காவின் டென்வர் மைதானம் இதற்குப் பெயர் போனது. வறண்ட காற்றில் பந்து காய்ந்து அதிகம் துள்ளுகிறது என்று 2002 முதல் அங்கே பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைக்கிறார்கள்.

உங்கள் ஊரில் சிக்கல் நேர் எதிர். பனிமூட்டத்தில் தோல் ஈரம் குடித்து, பந்து கனத்து, துள்ளல் போய்விடும். பயிற்சிக்குக் கொஞ்சம் முன்பு வரை பந்துகளை மூடிய டப்பாவில் வையுங்கள். நனைந்த பந்தை அடுப்பருகே காய வைத்தால் தோல் வெடிக்கும். நிழலில் துணி விரித்து உலர விடுங்கள்.

கே: பந்து வருவதற்குள் முடிவெடுக்கவே நேரம் இல்லையே? – வாழப்பாடி வாசகர்

ப: பிட்சர் நிற்கும் தூரம் 18.44 மீட்டர். 145 கி.மீ. வேகப் பந்து 0.4 விநாடியில் வந்துவிடும், 110 கி.மீ. என்றாலும் அரை விநாடிக்குச் சற்று மேல்தான். ஆகவே கையை விட்டு வெளியேறிய பிறகு பந்தைத் தேடாதீர்கள். பிட்சர் அசையத் தொடங்கும்போது அவர் தொப்பியைப் பாருங்கள். கை மேலே வரும்போது பந்து வெளிவரும் இடத்துக்குப் பார்வையை நகர்த்துங்கள். முன்காலும் அப்போதே எழ வேண்டும். எல்லாப் பந்தையும் அடிக்கப் போகிறேன் என்ற எண்ணத்திலேயே தொடங்கி, மோசமான பந்தென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டுத் தொடங்கலாம் என்றால் நிச்சயம் தாமதம்தான்.

கே: என் மகளுக்கு 12 வயது, சாஃப்ட்பால் ஆடுகிறாள். அண்ணனின் பேஸ்பால் பேட் போதுமா? ஒவ்வொரு அடிக்கும் கை சுர்ரென்று அதிர்கிறது என்கிறாள். – ஆத்தூர் வாசகி

ப: வேண்டாம். சாஃப்ட்பால் பந்து 12 இஞ்ச் சுற்றளவு, 177 கிராமுக்கும் மேல். அதற்கான பேட் மெலிதானது, தனியாகவே கிடைக்கும். பேட்டின் குமிழை நெஞ்சின் நடுவில் வைத்துப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். விரல் நுனி பேட்டின் முனையை எட்டினால் நீளம் சரி. ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டி அரை நிமிடம் பிடிக்க முடியாவிட்டால் கனம் அதிகம்.

பேட்டின் முனையிலிருந்து 12 முதல் 18 செ.மீ. உள்ளே படும் அடியில் அதிர்வு மிகக் குறைவு. கனமான பேட் தாமதமாக வருவதால் கைப்பிடிப் பக்கம் படுகிறது, அதனால்தான் அந்த வலி. உள்ளங்கையில் ஆழமாகப் பிடிக்காமல் விரல்களில் பிடிக்கச் சொல்லுங்கள். பேட் மாற்றியும் வலி தொடர்ந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.