குடுவைச் செடியின் கறுப்பு வேரை வெட்டாதீர்கள்

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: “வீதியோரத்தில் வாங்கிய பாந்துரா, அதாவது பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி, மாடி பல்கனியில் இருக்கிறது. மூன்று மாதத்தில் குடுவைகள் கருகிவிட்டன. புது இலை வருகிறது, குடுவை வரவில்லை. யூரியா கரைத்து ஊற்றினேன். சாடியைக் கிளறினால் வேரெல்லாம் கறுப்பு. அழுகிய வேரை வெட்டிவிடலாமா?”

தயவுசெய்து வெட்டாதீர்கள். இந்தச் செடியின் நல்ல வேரே கறுப்புத்தான். தலைமுடி போல மெல்லியது, தொட்டால் முறியும். நான் நாற்றுமேடையில் வேலை செய்தபோது, பழக வந்த ஒருவர் இப்படித்தான் வேரைச் ‘சுத்தம்’ செய்தார். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியவில்லை. விரலில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். அழுகியது குழைந்து தோல் உரியும், நல்லது உரியாது.

முதலில் யூரியாவை நிறுத்துங்கள். சத்தில்லாத மண்ணில் வளர்வதால்தான் இது பூச்சியைப் பிடித்துத் தின்னவே பழகியது. வேரில் கடும் உரம் பட்டால் கருகக்கூடும். குழாய்த் தண்ணீரிலுள்ள உப்புகளும் சாடியில் சேர்ந்துகொண்டே போகும். மழைத் தண்ணீரை வாளியில் பிடித்து, சாடியின் அடியால் வழிந்தோடும்வரை இரண்டு மூன்று தடவை ஊற்றுங்கள். அப்புறம் வேர்க்கட்டியை உதறாமல் அப்படியே தூக்கி, நன்றாகக் கழுவிய தென்னந்தும்பும் ஆற்று மணலும் கலந்த சாடிக்கு மாற்றுங்கள்.

கொழும்பு வெக்கை இதற்குப் பிரச்சினையில்லை. உங்களிடம் இருப்பது உள்ளூர் இனம் என்றால், அது நம் தென்மேற்கு ஈரவலயத் தாழ்நிலத்துச் செடி. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அறிவியல் பெயர் வைத்தது இந்த இனத்துக்குத்தான். குடுவை வராததற்குப் பெரும்பாலும் காரணம், பல்கனியில் நேரே அடித்து உலர்த்தும் கடற்காற்று. இலை நுனிக் கொடியின் முனையில் அரிசி அளவு மொட்டு தெரிகிறதா? அதுதான் குடுவையாக ஊதும். ஈரப்பதம் இல்லாவிட்டால் அப்படியே காய்ந்துவிடும். காற்று நேரே அடிக்காத, காலை வெயில் விழும் மூலைக்கு மாற்றி, சில வாரம் பொலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து வையுங்கள். உச்சி வெயில் படக்கூடாது, உள்ளே வெந்துவிடும்.

கருகிய குடுவை மீண்டும் பச்சையாகாது. புதிய இலைகளைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்த முறை வாங்கும்போது, நாற்றுமேடையில் வளர்த்ததா என்று கட்டாயம் கேளுங்கள். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால், காட்டில் ஒன்றைப் பிடுங்கினாலும் பக்கத்துச் செடி விதையில்லாமல் போகலாம்.